பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை வகுப்பாசிரியரும் நானும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிறந்த தேதி இருக்கிறது, தாய் தந்தை பெயர் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. ஆனால் சில தாள்களில் ‘பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் கிடக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை, அரசாங்கப் பதிவேட்டில் இன்னும் பெயர் வைக்காத குழந்தை.

இது எப்படி நேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரசவம் ஆன சில நாளிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து பதிவாளருக்குத் தகவல் போய்விடுகிறது. நம் பக்கத்தில் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும்போது பிள்ளையின் காதில் சொல்வோம், அல்லது கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது வைப்போம். வைத்த பெயரைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோகிறது. சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே என்ற நிம்மதியும் சேர்ந்துகொள்கிறது.

பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவு செய்யவும், பெயரைப் பிறகு சேர்க்கவும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 200 ரூபாய் தாமதக் கட்டணம். அதுவும் 15 வருடம் வரைதான். 2012-ல் பதிவான பிள்ளைக்கு 2027-ல் கெடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பள்ளியில் படித்த ஒரு பையன். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை இங்கேதான் படித்தான். கடற்கரை ஊர்க்காரன், அப்பா வள்ளத்தில் போகிறவர். கப்பல் வேலைக்கான படிப்பில் சேர இடம் கிடைத்து, பாஸ்போர்ட்டுக்குக் காகிதங்களைத் திரட்டும்போதுதான் சான்றிதழில் பெயர் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பதினைந்து வருடக் கெடு தாண்டியிருந்தது. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அவனுடைய அம்மா, தான் வேலை செய்யும் முந்திரித் தொழிற்சாலையில், நாம் சொல்லும் அண்டி ஆபீசில், ஒவ்வொரு நாளாக லீவு சொல்லி, கூலியை இழந்து, அவனோடு பஸ்ஸில் அலைந்தார். ஒருநாள் மாலை இருவரும் என் அறைக்கு வந்தார்கள். அந்த அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள் நான்காக மடித்திருந்த தாளை விரித்துக் காட்டினார். 2017 ஒக்கிப் புயலில் அவர்கள் வீட்டு ஓடுகள் பறந்தபோது நனைந்த தாள் அது. ஓரமெல்லாம் பழுப்பேறி, மடித்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. “இதைப் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன், சார்” என்றார்.

அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தப் பையனின் நகல் ஐந்து வருடம் இந்தப் பள்ளிக் கோப்பில் இருந்தது. நான் ஒருமுறைகூட அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எல்லா வகுப்புப் பெற்றோருக்கும் இது போகிறது.

இன்று இரவே பெட்டியைத் திறந்து தாளை எடுத்துப் பாருங்கள். பெயர் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஆதாரோடும் பள்ளிப் பதிவேட்டோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சான்றிதழில் ‘ஜெபின்’, ஆதாரில் ‘செபின்’, பள்ளியில் ‘ஜெபின் ராஜ்’ என்று மூன்று இடத்தில் மூன்று பெயரோடு இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. தலைப்பெழுத்திலும் இதே குழப்பம்தான். ஒன்றில் அப்பாவின் பெயர், இன்னொன்றில் வீட்டுப் பெயர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் ஓர் எழுத்தை மாற்றுவதற்குக்கூட எவ்வளவு அலைச்சல் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் இல்லாவிட்டாலும், தாளே தொலைந்திருந்தாலும் எங்கே போவது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். பிள்ளை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது அதற்குக் கணக்கில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் குளச்சல் நகராட்சியில் தேடினால் கிடைக்காது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் பிறந்திருந்தால் அந்தந்த அலுவலகத்தில் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் அங்கே இருக்கும் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்தில் வீட்டிலேயே பிறந்த பிள்ளை என்றால் கிராம நிர்வாக அலுவலர். பழைய பதிவேடாக இருந்தால் தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள்.

விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்துத் தாய்மார் பலருக்கும் பிரசவம் திருவனந்தபுரத்தில்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பதிவு கேரளத்தில் இருக்கும், தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் இருக்காது. கேரளத்தின் கே-ஸ்மார்ட் இணையதளத்தில் தேடலாம், அல்லது பிறந்த இடத்து மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ நேரில் போகலாம். அங்கே மலையாளத்தில் எழுதிய பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்து மாறியிருக்கும். வாங்கும்போதே கவுண்டரில் நின்று படித்துப் பாருங்கள்.

2018 ஜனவரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பதிவான பிள்ளைகளின் பெற்றோருக்கு அலைச்சல் குறைவு. மாநில அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலேயே சான்றிதழைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். கியூஆர் குறியீட்டோடு வரும் அந்தத் தாள் அசல்தான். தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். போலித் தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் பின்னால் அவதிப்படப் போவது உங்கள் பிள்ளைதான்.

பெயர் சேர்க்கப் போகும்போது பழைய சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஆதார், நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி, பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் உள்ள பள்ளிச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பள்ளிச் சான்றை நான் தருகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்ற விடமாட்டார்கள். ஆகவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, பிள்ளையையும் கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இரண்டு இருந்தால், பள்ளியிலும் ஆதாரிலும் எது இருக்கிறதோ அதையே கொடுங்கள்.

பிறப்பையே பதிவு செய்யாமல் விட்டவர்களும் இருக்கிறீர்கள். 21 நாளுக்குள் செய்ய வேண்டியது அது. ஒரு வருடம் தாண்டிவிட்டால் பதிவாளரால் தானாகப் பதிய முடியாது. பதிவேட்டில் இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து உத்தரவு பெற வேண்டும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டங்கள் உள்ளன. கூடுதல் அலைச்சல்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை. சென்ற வருடம் நம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அவளுடைய பாட்டி தனியாகவே போய் முடித்துவந்தார்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாளிலிருந்து பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எதற்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். மூத்த பிள்ளைக்கு டிஸ்சார்ஜ் சீட்டையும் ஞானஸ்நானச் சான்றையும் காட்டிச் சமாளித்ததுபோல் இளையதுக்குச் சமாளிக்க முடியாது.

அதற்காகச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் பள்ளி வாசலில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தமாட்டோம்.

பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாய்மாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். தகப்பன் பெயரைக் கேட்பார்களே என்ற பயத்தில் சிலர் அலுவலகத்தின் படியே ஏறுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தனியாக இருக்கும் தாய் விண்ணப்பித்தால் அவருடைய பிரமாண வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. கூட்டத்தில் பேச விருப்பம் இல்லையென்றால் தனியாக வந்து என்னைப் பாருங்கள். நம் பள்ளி ஆசிரியை ஒருவர் உங்களோடு துணைக்கு வருவார்.

வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழின் நகல் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பின்பக்கம் உங்கள் கைபேசி எண்ணை எழுதுங்கள். அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம், மழைக்காலம். தாள் இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினால் போதும். ரப்பர் பால் வெட்டு, கடல் வேலை, அண்டி ஆபீஸ் என்று பகலில் வர முடியாதவர்களுக்காக இந்த மாதம் முழுவதும் மாலை ஆறரை மணிவரை அலுவலக அறையில் இருப்பேன். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம், சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி
கன்னியாகுமரி மாவட்டம்