அலைக்கு டோக்கன் கொடுத்தவளுக்கு

மக்களே,

சங்குத்துறைக் கடற்கரையில் நீ செய்த பெர்ஃபார்மன்ஸை, அதுதான் ஆட்கள் முன்னால் நேரடியாய்ச் செய்து காட்டுகிற கலையை, பற்றிப் பேசிவிட்டு நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "விளையாட்டுத்தனமா இருக்குன்னு சார் சொல்லிட்டாரு சித்தி, உடம்பை வருத்திப் பண்ணினாத்தான் பெர்ஃபார்மன்ஸ்னு ஒத்துக்குவாங்க போல" என்றாய். பிளேடு, ரத்தம் என்று என்னென்னவோ சொன்னாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

அன்றைக்கு சங்குத்துறையில் நான் முழுக்க இருந்தேன். கண்டக்டர் தாத்தாவின் காக்கிச் சட்டை, தோளில் அவருடைய தோல் பை, காதில் செருகின பேனா. வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் போட்ட டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னாய். "பதினேழு!" என்று கூப்பிட்டால் பதினேழாம் டோக்கன்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும், அடுத்து வருகிற அலை அவருடையது. அது காலை நனைத்துத் திரும்பினதும் மணலில் நட்டிருந்த குச்சியிலிருந்து அது ஏறின தூரத்தை டேப் வைத்து அளந்து, நேரம் பார்த்து, கார்பன் தாள் வைத்து ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தாய். பத்துப் பைசா வாங்கவில்லை.

முதலில் சிரித்தார்கள்தான். ஆனால் இருபதைத் தாண்டினபோது யாரும் சிரிக்கவில்லை, தன் நம்பர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மீன்கார ஆச்சி, "எனக்க அலை என்ன பிள்ளே இவ்வளவு பொடிசா இருக்கு, மாத்தித் தா" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். "மாத்த முடியாது ஆச்சி, வந்தது வந்ததுதான்" என்று நீ முகம் மாறாமல் சொல்லி, இரண்டரை அடி என்று எழுதிக் கொடுத்தாய். ஆச்சி அதை வாங்கி மடித்து முந்தியில் முடிந்துகொண்டு போனாள். நீ அப்போது ஒரு சின்னச் சிரிப்பு சிரித்திருந்தாலும் எல்லாம் கெட்டுப் போயிருக்கும்.

அப்புறம் முப்பத்தொன்றாம் டோக்கன். அந்த அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அலை வந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல ஊர் பேரு எழுதலாமா?" என்று கேட்டார். மணக்குடி என்று எழுதினாய். 2004 டிசம்பர் 26 அன்று பாலத்தையே தூக்கிக்கொண்டு போன கடல் அது. அவருக்கு என்ன போனது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கறுப்புத் துணி கட்டி, மேலில் கீறிக்கொண்டு அழுதிருந்தால் அவர் அந்த வரிசைக்கே வந்திருக்க மாட்டார். டோக்கன் என்றதால் வந்தார்.

வருத்திச் செய்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீ சொல்லித்தானே எனக்கே பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞரைத் தெரியும்? 1997இல் மெக்ஸிகோ சிட்டி தெருக்களில் ஒரு பெரிய ஐஸ் கட்டியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போனார், அது உருகித் தண்ணீராய்ப் போகிற வரைக்கும். 2002இல் பெரு நாட்டு லிமா பக்கத்தில் அவர் கூப்பிட்டு 500 பேர் மண்வெட்டியோடு வரிசையாய் நின்று ஒரு மணல்மேட்டைச் சில அங்குலம் நகர்த்தினார்கள். அதைக் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னவள் நீ. நம் ஊரையே பார். சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு, கையில் பனையோலை விசிறியோடு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் வாயில் "கோவிந்தா, கோபாலா!" பக்தியும் விளையாட்டும் எங்கே பிரிகிறது என்று அங்கே யாரால் சொல்ல முடியும்?

எனக்கு அன்றைக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. உன் பின்னால் கட்டியிருந்த பேனர். 'நுகர்வுக் கலாசாரமும் இயற்கையும்' என்று மார்க்குக்காக எழுதினாய் என்று தெரியும். அதை யாரும் படிக்கவில்லை மக்களே. அடுத்த தடவை அதை விட்டுவிடு, டேப்பையும் கார்பன் தாளையும் விட்டுவிடாதே. அடிக்கணக்கு அவ்வளவு கறாராய் இருந்ததால்தான் ஆச்சிக்குக் கோபமே வந்தது.

ஆனியிலும் ஆடியிலும் வராதே, கடல் மோசமாய் இருக்கும், ஆட்களை அவ்வளவு கிட்டத்தில் நிறுத்த முடியாது. புரட்டாசி தாண்டி வா. காக்கிச் சட்டையில் கக்கத்துப் பக்கம் தையல் விட்டிருந்தது, தைத்து வைத்திருக்கிறேன். ரசீது புத்தகம் வடசேரியில் நானே வாங்கிவிடுகிறேன். போன தடவை ஐம்பது தாள் தீர்ந்து, ஏழெட்டுப் பேர் டோக்கனோடு திரும்பிப் போனார்கள், அவர்களை முதலில் கூப்பிட வேண்டும்.

உன் சித்தி