கொடிக்கயிறு அறுத்த கதை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம். இங்கே விடாத மழை, கல்லடிப் பக்கம் வாவி நிரம்பிக் கிடக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான்.

போன ஞாயிறு சின்னவனோடு இருந்து 'டெம்பிள் ஒஃப் டூம்' பார்த்தேன். 86இல் உங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, வாடகை டெக்கில் பார்த்தோமே, அதே இண்டியானா ஜோன்ஸ் படம். மறுநாள் படத்தில் வந்ததுபோல் தொங்குபாலம் அறுக்கிறோம் என்று உன் அம்மாவின் கொடிக்கயிற்றை அறுத்து, உலர்ந்த துணியெல்லாம் மண்ணாகி, நீ மட்டும் அடி வாங்கினாய். நான் மதிலேறிப் பாய்ந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

முதல் படம் ஓட்டமும் சிரிப்புமாகப் போகும். இதில் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிறான் அம்ரிஷ் பூரி. சுரங்கத்தில் பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டி அடிக்கிறார்கள். அமெரிக்காவில் பெற்றோர் போட்ட சத்தத்தில்தான் 1984இலேயே, பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 என்ற புதுத் தரம் வந்தது. அந்த நேரம் படத்தின் கதையை எழுதிய ஜோர்ஜ் லூகாஸுக்கு விவாகரத்து. இருட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த இருட்டில் குறையில்லை. குரங்கு மூளை விருந்துதான் இப்போதும் அருவருப்பு. கதையைப் பார்த்த இந்திய அரசு படம்பிடிக்க அனுமதி கொடுக்காததில் வியப்பில்லை. அதனால்தானே கண்டிக்கு வந்தார்கள். அந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்ததும் விக்டோரியா அணை வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர்கள்தான்.

இதைக் கேள். ஊர்ச் சனம் அழுது முறையிடும் இடத்தில் சின்னவன் படத்தை நிறுத்தினான். "அப்பா, இந்தியா என்றார்கள், இவர்கள் சிங்களமல்லவா கதைக்கிறார்கள்?" அவன் பள்ளியில் சிங்களம் படிக்கிறான். நாம் அன்றைக்கு அதை ஹிந்தி என்று நினைத்தோம், நினைவிருக்கிறதா? நீ அர்த்தம்கூடச் சொன்னாய்! அந்த ஊர்ப் பெரியவர் நம் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்கார.

அவர்கள் கண்டியில் படம்பிடித்தது 83 ஏப்ரலில். பெட்டி கட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகவில்லை, ஜூலைக் கலவரம் வந்துவிட்டது. அதைச் சின்னவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் படத்தை ஓடவிட்டுவிட்டான், நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

டிசம்பரில் வருகிறாய்தானே? உன் அம்மாவிடம் கயிற்றை அறுத்தது யார் என்று இன்னும் சொல்லவில்லை. நீ வந்த பிறகு சொல்கிறேன், தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உன்
மச்சான்