அயர்லாந்தின் டிராகடாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

லீமா அக்கா கொண்டுவந்த கடிதமும் நெத்திலிக் கருவாடும் கிடைத்தன. ஒரு வரி எழுதக்கூட கை வலிக்குதா என்று கேட்டிருந்தீர்கள். இரவு டியூட்டியை நானேதான் கேட்டு வாங்கியிருக்கிறேன், பகலில் தூங்கிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடும். வீட்டில் தனியாகக் குளிரில் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கருவாடு வறுத்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். "குரோம்வெல் வந்துபோன பிறகு இந்த ஊரில் இப்படி ஒரு நாற்றம் இன்றைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். அது யார் என்று வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், டீ ஆறிப்போனது.

ஆலிவர் குரோம்வெல் இங்கிலாந்துத் தளபதி. 1649 ஜனவரியில் அங்கே சொந்த ராஜாவின் தலையையே வெட்டினார்கள். செப்டம்பரில் இவர் படையோடு இங்கே வந்து ஊர் மதிலைப் பீரங்கியால் உடைத்தார். செத்தவர்கள் சுமார் 3,000 பேர். பேதுரு கோவில் கோபுரத்தில் ஏறி ஒளிந்தவர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். காவல்படைத் தலைவரை அவருடைய மரக்காலைப் பிடுங்கியே அடித்துக் கொன்றதாகவும் பேச்சு உண்டு. பெரியவர் இதையெல்லாம் போன வாரம் நடந்ததுபோலச் சொல்கிறார்.

என்னோடு வேலை செய்யும் இங்கிலாந்துக்காரிக்கு அதே ஆள் ஹீரோ. ராஜாவை அடக்கிப் பாராளுமன்றத்தைக் காப்பாற்றியவராம். லண்டன் பாராளுமன்ற வாசலில் 1899 முதல் சிலை நிற்கிறது. அரசுப் பணம் தரக்கூடாது என்று அயர்லாந்து உறுப்பினர்கள் மறித்ததால் ஒரு பிரபு தன் காசில் வைத்தாராம். "அந்தப் பாராளுமன்றத்தையே 1653-ல் சிப்பாய்களை விட்டு விரட்டியதும் அவர்தானே?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த ஊர்க்காரர் ஒருவரே, ஆயுதம் ஏந்தாத மக்களை அவர் கொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாராம். அதைச் சொன்னால் பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

எனக்கென்னவோ இவர்களுக்கு ஆறாதது நிலம்தான் என்று படுகிறது. 1641-ல் இந்த நாட்டுக் கத்தோலிக்கர் கையில் இருந்தது நாட்டில் பாதிக்கும் மேல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கால்வாசிகூட மிஞ்சவில்லை. நிலத்தைப் பிடுங்கிய குரோம்வெல் ஆட்கள் "நரகத்துக்குப் போ, இல்லை கொனாட்டுக்குப் போ" என்றார்களாம். கொனாட் மேற்கே இருக்கிறது, கல்லும் சதுப்பும். சொந்த வயலில் கூலிக்கு உழுதவன் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமலா இருந்திருப்பான்?

உங்களுக்குப் பிடித்த ஒன்று. இங்கே இன்னொரு பேதுரு கோவிலில் புனித ஆலிவர் பிளங்கெட்டின் தலை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் 1681-ல் கொல்லப்பட்ட ஆயர். அதற்கு இருபது வருடம் முன்னால், ராஜா ஆட்சி திரும்பியதும், குரோம்வெல்லின் பிணத்தைத் தோண்டி அதே டைபர்னில்தான் தொங்கவிட்டார்கள். அந்த ஆலிவரின் தலை கைமாறிக் கைமாறி, 1960-ல்தான் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரிக்குள் புதைக்கப்பட்டது.

பேழை முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். மெழுகு வாசம் மூக்கில் ஏறியதும் கோட்டாறு சவேரியார் தேரும், மழையில் நனைந்துகொண்டே தின்ற மரச்சீனிக் கிழங்கும், நீங்கள் முந்தானையால் என் தலை துவட்டியதும்... இந்த வருடமும் வர முடியாது அம்மா. லீவு கிடைக்கவில்லை, வேறொன்றுமில்லை.

சரி, நம் விளை நிலத்து விஷயம். சித்தப்பா எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 12 சென்டும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மூலப் பத்திரம் பீரோவில் துணிக்கு அடியில். தம்பியை அனுப்பி முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். அவன் பீஸ் பணம் இந்த மாதம் பத்து நாள் தள்ளித்தான் வரும். காலேஜில் பேசி வைக்கட்டும். சர்வேயர் வரும் அன்று பெரிய மாமா கட்டாயம் கூட நிற்க வேண்டும். எல்லைக் கல் நடுவதற்கு முன்னால் எனக்கு வீடியோ கால் போடுங்கள். இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் டியூட்டியில் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்