எங்கும் பொருந்தாதவரா ஸோப்ரிஸ்ட்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க பேஸ்பால் வீரர் பென் ஸோப்ரிஸ்ட் பற்றிய கட்டுரையில், "எந்த இடத்துக்கும் முழுமையாகப் பொருந்தாததால் எல்லா இடத்திலும் ஆட வைக்கப்பட்டவர்" என்று ஒரு வரி. பேஸ்பால் தெரிந்த தங்கள் மேசையைத் தாண்டி இது எப்படி அச்சேறியது?

2006 ஜூலையில் ஆப்ரி ஹஃப் என்ற வீரரைக் கொடுத்து டாம்பா பே அணி வாங்கிய இருவரில் ஒருவர் ஸோப்ரிஸ்ட். ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவராக, வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் பேட் எடுபடவில்லை, உண்மைதான். 2009ஐப் பாருங்கள். மே மாதம் அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் இவாமுராவின் முழங்கால் போனதும் அந்த இடம் ஸோப்ரிஸ்ட் கைக்கு வந்தது. இவாமுரா திரும்பிய பிறகு வெளிக்களத்தின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டுக்கு ஸோப்ரிஸ்ட் போனார். பிட்சர், கேட்சர் தவிர ஏழு இடங்களிலும் அந்த ஆண்டு நின்றார். 27 ஹோம்ரன், பேட்டிங் சராசரி .297, ஆண்டின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. பொருந்தாதவர் ஆட்டமா இது?

இடம் மாறுவது எளிது என்ற எண்ணம்தான் அந்த வரியின் வேர். இரண்டாம் பேஸில் கையுறை பதினொன்றரை அங்குலத்துக்கு மேல் போகாது, பந்து தங்கும் குழியும் ஆழமில்லை. ஒரே பந்தில் இருவரை வீழ்த்தும் டபுள் பிளேயில் பந்து விரலுக்கு உடனே வர வேண்டும். அந்த நேரத்தில் ஷார்ட்ஸ்டாப் பக்கம் பார்த்து நிற்பவருக்கு, முதல் பேஸிலிருந்து பாய்ந்து வரும் ஓட்டக்காரர் கண்ணில் படுவதில்லை. ரைட் ஃபீல்டில் கையுறை பன்னிரண்டரை அங்குலத்துக்கும் மேல், குழி ஆழம். இடது கை பேட்டர் இழுத்து அடித்த பந்து கோட்டை நோக்கி வளைந்தோடும். முதல் அடியே பின்னால் வைக்கத் தெரியாதவர் தலைக்கு மேல் பந்தை விட்டுவிடுவார். எறிதலும் வேறு. உள்வட்டத்தில் காதோரமிருந்து சுருக்கி எறிந்த கை, வெளியில் ஒரு துள்ளல் வைத்து முழுத் தோளையும் சுழற்ற வேண்டும். பழக்கத்தில் பக்கவாட்டில் எறிந்தால் பந்து விலகிப் போகும், நடுவில் வாங்கி உள்ளே எறிய நிற்கும் சக வீரர் கைக்கு எட்டாது.

அணிக்கு இதன் விலை என்ன? அன்று அணிக்கு 25 பேர். பிட்சர்கள் 12 அல்லது 13. ஒன்பது பேட்டர்கள் களத்தில். மீதி மூன்று, நான்கு பேரில் ஒருவர் மாற்று கேட்சர், அவரைத் தொட மேலாளர் அஞ்சுவார். இந்த நெருக்கடியில் ஏழு இடம் நிற்பவர், அதிலும் இடம், வலம் இரு பக்கமும் நின்று பேட் செய்பவர், எத்தனை பேருக்குச் சமம்!

இது முதல் முறையும் அல்ல. 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பற்றி பட்டத்துக்கான சிகாகோ கப்ஸ் அணியின் 108 ஆண்டுக் காத்திருப்பையும் 17 நிமிட மழையையும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். பத்தாவது இன்னிங்ஸில் எதிரணியினர் சிகாகோவின் ரிஸ்ஸோவை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு ஸோப்ரிஸ்ட்டிடம் வந்தார்கள். அவர் பிட்சர் பிரையன் ஷாவின் பந்தை எதிர்ப்பக்கம், மூன்றாம் பேஸைத் தாண்டிக் கோட்டோரம் தட்டினார். பேஸில் நின்ற அல்மோரா ஓடிவந்து சிகாகோவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். தொடர் நாயகன் விருது ஸோப்ரிஸ்ட்டுக்குத்தான். தங்கள் பக்கத்தில் அது ஒற்றை வரி. அதே ஆண்டு பிப்ரவரியில் டோனி ஃபிலிப்ஸ் மறைந்தார். 18 பருவம் இதே வேலையைச் செய்து, ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாத மனிதர். ஒரு பெட்டிச் செய்தி கிடையாது. பல இடம் ஆடுபவர்களுக்கென்றே 2022இல், சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு க்ளவ் விருதில் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதையும் தங்கள் பத்திரிகை கண்டுகொள்ளவில்லை. ஹோம்ரன் பட்டியல் மட்டும் வாரம் தவறுவதில்லை.

கேட்பது சிறிய விஷயம்தான். கட்டுரையோடு வந்த அட்டவணையில் அவர் ஆடிய இடத்துக்கான கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அங்கே இரண்டாம் பேஸ் என்று முதலில் எழுதி, மற்ற இடங்களையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்