இரண்டுங்கெட்டான் வண்டி என்று சொன்னதற்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஹூண்டாய் கிரெட்டா N லைன் கார் வாங்கப்போவதாக நீ சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை போனில் "அது இரண்டுங்கெட்டான் வண்டி, காசைக் கொண்டுபோய் அதில் கொட்டாதே" என்று சொல்லிவிட்டேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். உன் சரிப்பா எனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டாய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அன்றைக்கும் இதே சரிப்பாதான். நாலு நாளாக மனசு சரியில்லை. போனில் பேசினால் என் குரல் தானாக ஏறிவிடும். அதனால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டுங்கெட்டான் என்று ஏன் சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஏற்காடு ரோட்டில் 27 வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக மலைக்கு ஏறுகிற வண்டிக்கெல்லாம் காற்று அடித்திருக்கிறேன், அலைன்மெண்ட் பார்த்திருக்கிறேன். நீ கேட்கிற கிரெட்டா N லைன் மாதிரி வண்டி ஜீப் மாதிரி உயரமாக நிற்கும். ஆனால் இழுவை முன் சக்கரத்தில் மட்டும்தான். காப்பித் தோட்டத்துச் சேற்றில் பழைய ஜீப் போகிற தடத்தில் இது போகாது. வேகமான கார் என்று பார்த்தாலும், தரைக்கும் வண்டிக்கும் நடுவே 190 மில்லிமீட்டர் இருக்கிறது. அந்த உயரத்தோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் பாரமெல்லாம் வெளிப்பக்க முன் டயரில் போய்ச் சாயும். மாசத்துக்கு நாலு தடவை மலை ஏறுகிற வண்டியின் டயரைக் கழற்றிக் கீழே போட்டால் உடனே தெரியும். வெளி ஓரத்தில் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருக்கும், உள் ஓரம் புதுசு மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

ஆனால் திங்கட்கிழமை உன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய காரில்தான் திரும்பி வந்தோம். நல்ல கார்தான், தரையோடு தரையாக இருக்கும். வீட்டு வாசலில் உன் அம்மா இறங்கவேண்டும். ஒரு காலை வெளியே வைத்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்தாள். எழ முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்ததும் அவள் எதுவும் பேசாமல் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டாள்.

அப்போதுதான் என் கடைக்கு வருகிற வண்டிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இந்த உயர வண்டிகளில் வருகிற வயசானவர்கள் யாரும் குனிந்து ஏறுவதில்லை. சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி நின்று அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். நம்மைப் போன்ற வீட்டில் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதுதான், கல்யாணத்துக்குப் போவதும் அதுதான், விடிகாலையில் ஓட்டுகிறவர் தன் மனசுக்காக மலை ஏறுவதும் அதுதான். பின் சீட்டு அம்மாவுக்கு, இன்ஜின் தனக்கு. அப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் நீ அந்த வண்டியைக் கேட்டிருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதை ஓட்டுகிறவர்களைப் பற்றியும் ஏதேதோ சொன்னேன். திமிர் பிடித்தவர்கள் என்றேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், நானும் பேசினேன். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மலையில் ஹைபீம் போட்டுக்கொண்டு, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடாமல் இறங்குவார்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது சட்டம். அதுகூடத் தெரியாமல் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நியாயமாகச் சொன்னால், நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயரோடு என் கடைக்கு வருவது பெரும்பாலும் வாடகை வேன்களும் பழைய சின்னக் கார்களும்தான். இந்த வண்டிக்காரர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஆள் ஏறினால் காற்று எவ்வளவு கூட்டவேண்டும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு டாக்டரம்மா இருக்கிறார், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஃபோக்ஸ்வேகன் டைகன் ஜிடி வைத்திருக்கிறார், அதுவும் இதே ரக வண்டிதான். நான் கடை திறக்குமுன் மலை ஏறிவிட்டு எட்டு மணிக்குத் திரும்பி வருவார். ராத்திரி டியூட்டி முடிந்தால் அந்த இருபது வளைவும் ஏறி இறங்கினால்தான் தூக்கம் வரும் என்பார். அவருடைய டயர் நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். என் கடைக்கு வருகிறவர்களில் அவரைவிட நன்றாக ஓட்டுகிறவர் யாரும் இல்லை. உன் அத்தை "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு ஸ்பீடு வண்டி" என்று சொன்னாளே, அவளிடம் இந்த டாக்டரம்மாவைப் பற்றி நேற்றுச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது கொஞ்சம் பெரிசு, பொறுமையாகப் படி.

போன மே மாதம் ஒரு சாயந்திரம் அடிவாரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இதே ரகத்தில் ஒரு சிவப்பு வண்டி, கறுப்புக் கூரை. கணவன், மனைவி, கைக்குழந்தை. நாலு சக்கரத்திலும் காந்தல் நெடி. பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்று அந்தப் பையன் சொன்னான், கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் சூட்டில் கொதித்து ஆவி கிளம்பியிருக்கிறது. அதற்குள் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கில் ஊற்றப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன், ஊற்றியிருந்தால் டிஸ்க் கோணியிருக்கும். முக்கால் மணி நேரம் சும்மா நிற்க வைத்தோம். எந்த கியரில் இறங்கினாய் தம்பி என்று கேட்டேன். ஆட்டோமேட்டிக்தானே, டி-யில் போட்டேன் என்றான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கிறதே, அது எதற்கு என்றேன். ரேஸ் மாதிரி ஓட்டுவதற்கு என்றான். வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

நானும் அதை விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இறக்கத்தில் அந்த இடது தகட்டை இரண்டு தட்டு தட்டினால் கியர் இறங்கி, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை ரொம்பக் குறைந்துவிடும். ஸ்போர்ட் வண்டி என்று கூடுதலாக வைத்த ஒரு சாமான் இந்த மலையில் உயிரைக் காப்பாற்றும். அதற்காகவே அந்த வண்டி மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

நீ காலேஜில் படிக்கும்போது என் பில் புக்கின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? ஆளோடு சேர்த்து 1,600 கிலோ வண்டி, 1,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது, அந்தச் சூட்டை மொத்தமும் பிரேக் மட்டுமே வாங்கிக்கொண்டால் கிட்டத்தட்ட நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம் என்றாய். அந்தத் தாளைக் கிழித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பையனுக்கும் அதைத்தான் காட்டினேன்.

ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சாதாரண கிரெட்டா பெட்ரோல் இன்ஜினுக்கு 144 நியூட்டன் மீட்டர் இழுவைதான். ஐந்து பேரோடு ஏறினால் கதறும். நீ சொல்கிற N லைனின் டர்போ இன்ஜினுக்கு 253, அதுவும் இன்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். குறைந்த விலையில் மாருதி ஃபிராங்க்ஸ் டர்போவும் பார்த்தேன் என்றாய். நீ தனியாகப் போக அது போதும், அம்மாவோடு என்றால் பெரிய வண்டியே இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். N லைனுக்கு வருகிற 18 இஞ்சு டயரின் அளவு 215/55 ஆர்18. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் 118 மில்லிமீட்டர்தான். கீழ் மாடலில் வருகிற 16 இஞ்சு டயரில் 133 இருக்கும். 15 மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்காதே. பள்ளத்தில் வேகமாக விட்டால் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும், அதற்கு ஒட்டு இல்லை, டயரையே மாற்றவேண்டும். நீ இருக்கிற பெங்களூரு ரோடு பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் தொப்பூர். தர்மபுரி தாண்டி நம் ஊர்ப் பக்கம் வரும்போது அந்த இறக்கத்தில் லாரிக்காரர்கள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். பின்னால் வருகிற லாரிக்குப் பிரேக் இருக்கிறது என்று நம்பாதே. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் வேகம் குறைவாகத் தெரியும், 80-இல் போவது 60 மாதிரி இருக்கும். மீட்டரைப் பார். ஏற்காடு சீசன் கூட்டத்தில் ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதே. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் சூடாகிவிடும். பிரேக்கில் நில்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கலர் மட்டும் சிவப்பு வேண்டாம் என்பாள், அது உன் இஷ்டம்.

டெலிவரி எடுக்கிற அன்று பூஜை முடிந்த கையோடு ஒன்று செய். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 3525 என்று இருந்தால் 2025ஆம் வருஷத்தின் 35ஆவது வாரத்தில் செய்தது. நாலு டயரையும், டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் கிட்டப் போய்ப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்னபிறகு கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அப்பா