தக்காளி வாடலுக்குக் காரணம் கண்டறியக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு உதவித் தோட்டக்கலை இயக்குநர் அவர்கள்

பொருள்: வாடும் செடிகளை ஆய்வகத்தில் பார்த்து, அடுத்து எதை நடுவது என்று எழுத்தில் சொல்லக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

முன் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் ரசீது மட்டுமே கிடைத்தது. கீழ்மடைப் பகுதி தாங்கள் அறிந்ததே. மேல்வயலில் இருந்து வடியும் நீர்தான் கீழ்வயலுக்குப் பாய்கிறது. ஒரு வயலில் வந்த வாடல் மடை முழுக்க இறங்குகிறது.

1. காய் பிடிக்கும் நேரத்தில் தக்காளியின் அடியிலைகள் மஞ்சளாகின்றன, பல செடிகளில் ஒரு பக்கம் மட்டும். தண்டை நீளவாக்கில் கீறினால் பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு. இது ஃபியூசேரியம் பூஞ்சை என்று கருதுகிறோம்.

2. வேறு சில வயல்களில் இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே செடி சாய்கிறது. அந்தத் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர் டம்ளரில் பிடித்தால், சில நிமிடத்தில் பால் போல நூல் நூலாக இறங்குகிறது. அது பாக்டீரியா வாடல். எங்கள் பிழைப்பு மாட்டியிருப்பது இங்கேதான் ஐயா. "தக்காளியை விட்டுக் கத்தரி போடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தக்காளியை வாட்டும் ஃபியூசேரியம் கத்தரியை வாட்டுவதில்லை. தர்பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகை உண்டு. நோய் ஃபியூசேரியம்தான் என்றால் அந்த யோசனை சரி. பாக்டீரியா என்றால் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் விடாது. கத்தரி நடுவது நோய்க்குச் சோறு போடுவதாகும். எதுவென்று பார்க்காமல் எந்த நாற்றை வாங்குவது? லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் கலந்து வேரில் ஊற்றச் சொன்னார்கள். பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவை என்ன செய்யும்? ஒரு வருடம் தரிசு போடச் சொன்னவரும் உண்டு. ஃபியூசேரியம் வித்து பயிரே இல்லாமல் பல ஆண்டு மண்ணில் கிடக்கும், ஐயா!

3. வேரில் நூற்புழு முடிச்சும் இருக்கிறது. புழு துளைத்த வேரில் வாடலைத் தாங்கும் எதிர்ப்பு ரகமும் நிற்காமல் போகலாம்.

4. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஹெக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து நடவுக்கு முன் இட வேண்டியது. மானியத்தில் தரும் அது, நட்ட பிறகு வந்து சேர்ந்தால் யாருக்குப் பயன்?

ஆகவே, வாடத் தொடங்கிய செடிகளை வேரோடும் வேர்மண்ணோடும் எடுக்க ஆள் அனுப்புங்கள். செத்துக் காய்ந்த செடி வேண்டாம். அதில் அழுகல் பூஞ்சைதான் தெரியும். பாக்டீரியா என்று உறுதியானால் அந்த நோயைத் தாங்கும் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆடிப்பட்டத்துக்கு நாற்று சொல்லும் நாள் நெருங்கிவிட்டது. மறுபடியும் கேட்கிறோம், ஆள் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
கீழ்மடை காய்கறி விவசாயிகள்