மிதவையில் பெட்ரோல் பங்க் கட்டப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த வரைபடமும் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வாரம் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் வரைபடத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு பிரிக்காமல் இருந்ததுதான் சிகிச்சையைவிடக் கஷ்டமாக இருந்தது. நேற்றுக் காலைதான் விரித்தேன். கோடுகள் இத்தனை கறுப்பாக என் கண்ணுக்குத் தெரிந்து வருடங்கள் ஆகின்றன.

பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மகளும் குழந்தையும் நலமாக இருக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகும் படகுகளுக்கும் நீர்விமானங்களுக்கும் எரிபொருள் நிரப்பும் மிதவை நிலையம் ஒன்றை வடிவமைக்க நீ உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? விடுதி அறையில் இரவு முழுக்கக் கப்பல் படம் வரைந்துகொண்டிருந்த அதே ஆள்தான் நீ. என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறாய். எண்ணெய்த் துறைகளிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால், மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் டேங்க். 20,000 லிட்டர் டீசலையும் அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோலையும் மேடைக்கு அடியில் வைத்திருக்கிறாய். கரையில் ஒரு சதுர அடி இடம் கிடைத்தாலும் டேங்கைக் கரைக்குக் கொண்டுபோய்விடு. மிதவைமேல் பம்பும் குழாயும் மட்டும் இருக்கட்டும். கரையில் இருக்கும் பங்க்கில் ஒரு லிட்டர் சிந்தினால் மணலைப் போட்டு அள்ளிவிடலாம். தண்ணீரில் சிந்தினால் எதை அள்ளுவது? வானவில் நிறத்தில் மினுங்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தத் தடிமனில் ஒரே ஒரு லிட்டர் 1,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும்.

டேங்கைக் கரைக்கு மாற்றினால் புதிதாக ஒரு பிரச்சினை முளைக்கும். நீர்மட்டம் இறங்கும்போது மிதவையும் இறங்கும். டேங்க் மேலே நிற்கும். அந்த நேரத்தில் குழாய் எங்காவது அறுந்தால், பம்பை நிறுத்தினாலும் எண்ணெய் தன் எடையாலேயே இறங்கிக்கொண்டிருக்கும். டேங்க் காலியாகும்வரை நிற்காது. அதனால் குழாயை டேங்கின் மேற்புறத்திலிருந்து எடு. மின்சாரம் நின்ற நொடியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றை டேங்கின் வாயிலேயே வை. கரையிலிருந்து மிதவைக்குப் போகும் நடைபாலத்தின் இரண்டு முனைகளிலும் குழாய் வளைந்து கொடுக்க வேண்டும். அங்கே இரட்டைச் சுவர்க் குழாய் போட்டு, உள்சுவர் கசிந்தால் மணி அடிக்கும்படி செய். மிதவை பிய்த்துக்கொண்டு போனாலும் இரு பக்கமும் அடைத்துக்கொண்டு பிரியும் இணைப்பு கடைகளில் கிடைக்கிறது. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

எல்லா இடத்திலும் கரை கை கொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். பிரேசிலில் மனாவுஸ் நகரத்தை ஒட்டி ஓடும் ரியோ நெக்ரோ ஆறு ஒரே வருடத்தில் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கரையே இடம் மாறும் ஊரில் டேங்கை எங்கே நடுவது? அங்கே எரிபொருள் நிலையங்கள் ஆற்றிலேயேதான் மிதக்கின்றன. உனக்கும் அந்த நிலைமை என்றால், டேங்கைத் தனி மிதவையில் வைத்து ஆட்கள் நடமாடும் மேடையிலிருந்து தள்ளிக் கட்டு.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உன் மிதவை 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 20,000 லிட்டர் டீசல் ஏறக்குறைய 17 டன். டேங்க் நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் மிதவையின் மட்டம் கடல்நீரில் சுமார் 23 சென்டிமீட்டர் வித்தியாசப்படும். நடைபாலத்தின் சாய்வு, படகு உரசாமலிருக்கத் தொங்கவிடும் தாங்கிகளின் உயரம் எல்லாமே அதோடு மாறும். இதைச் சமாளித்துவிடலாம். என்னை உறுத்துவது டேங்குக்குள் நீ போட்டிருக்கும் தடுப்புச் சுவர்கள். இரண்டையும் குறுக்குவாக்கில் வைத்திருக்கிறாய். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது மிதவை பக்கவாட்டில் சாய்ந்தால் எண்ணெய் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் பெரிதாக்கும். உன் குறுக்குச் சுவர்கள் அதைத் தடுக்கவே தடுக்காது. அகலத்தைப் பிரிக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு சுவர் வைத்தால் அந்தப் பாதிப்பு நாலில் ஒன்றாகும். சம இடைவெளியில் இரண்டு வைத்தால் ஒன்பதில் ஒன்று. சுவர்களைத் திருப்பிப் போடு. செலவு ஒன்றும் கூடாது.

அடுத்தது தெர்மாகோல். மேடையை மிதக்கவைக்க அடியில் வெறும் தெர்மாகோல் கட்டிகள் என்று குறித்திருக்கிறாய். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய எரிபொருள் மிதவையைப் பழுதுபார்க்கக் கரையேற்றினோம். ஒரு மூலை மட்டும் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. கவிழ்த்துப் பார்த்தால், குழாயைத் தொங்கவிடும் இடத்துக்கு நேர் கீழே தெர்மாகோல் குகை மாதிரி குடைந்து போயிருந்தது. விளிம்பெல்லாம் பழுப்பாக, தொட்டால் விரலில் நூலாக இழுக்கும் பசை. தினமும் நிரப்பி முடித்த பிறகு குழாய் முனையிலிருந்து சொட்டிய நாலைந்து துளிப் பெட்ரோல் செய்த வேலை அது. பெட்ரோலில் தெர்மாகோல் கரைந்துவிடும், நண்பா. நிலையம் தன் காலைத் தானே அரித்துக்கொண்டிருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் முழுக்க அடைத்த மிதவைகளையோ, தனித்தனி அறைகளாகப் பிரித்த எஃகு மிதவையையோ போடு. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும்.

இனி நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டீசலைப் பற்றவைக்க அதை 50 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, கீழேதான் இறங்கும். தரையில் அது பரவிக் காற்றோடு போய்விடும். படகில் அதற்குப் போக்கிடம் படகின் வயிறுதான். அங்கே காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி சேர்ந்துவிட்டால் போதும், ஒரு சுவிட்சின் பொறியில் வெடித்துவிடும்.

ஒரு நாள் இதை நேரில் பார்த்தேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஒரு குடும்பம் சின்னப் படகில் பெட்ரோல் போட வந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். விளிம்பில் இரண்டு துளைகள்; ஒன்று டேங்க் வாய், மற்றது தூண்டில் கோலைச் செருகி வைக்கும் குழி. இரண்டும் ஒரே அகலம், இரண்டுக்கும் பளபளக்கும் வளையம். அந்த மனிதர் குழாயைத் தூண்டில் குழியில் செருகிவிட்டார். குழியின் அடி உடைந்திருந்தது. நாற்பது லிட்டருக்கு மேல் நேராகப் படகின் அடியில் போய்விட்டது. வாடை வந்ததும் பம்பை இயக்கிக்கொண்டிருந்த பையன் விசையை அமுக்கி நிறுத்தினான். அந்த மனிதர் பதற்றத்தில் படகை நகர்த்தலாம் என்று சாவியை நோக்கிக் கையை நீட்டினார். பையன் ஒரே தாவலில் படகுக்குள் குதித்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “எதையும் தொடாதீர்கள், இறங்குங்கள்” என்று மட்டும் சொன்னான். படகின் அடியில் தேங்கும் ஆவியை வெளியே ஊதித் தள்ளும் புளோயரைக்கூடப் போடவிடவில்லை, அதன் சுவிட்சிலும் பொறி வரலாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கரைக்கு ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்புப் படை வந்து சுத்தம் செய்தது. அந்தப் பையனின் விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துப் போயிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

உன் வரைபடத்தை அந்தப் பையனின் இடத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். பம்பு ஆள் உட்காரும் அறையிலிருந்து படகின் டேங்க் வாய் தெரியவில்லை, தூண் மறைக்கிறது. முதலில் அந்தத் தூணை எடு. எரிபொருள் போகும்போது கையை எடுத்தால் தானாக நின்றுவிடும் முனையைத்தான் வைக்க வேண்டும். அழுத்தி மாட்டிவிட்டுப் போகும் கொக்கி கூடவே கூடாது. பயணிகள் எல்லோரும் இறங்கி நிற்க, காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் வருமோ அந்தப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். நீ அங்கேதான் கடை போட்டிருக்கிறாய். கடையைக் கரைக்கு அனுப்பிவிடு. கடை இருந்தால் கூட்டம் நிற்கும், அடுப்பும் ஃபிரிட்ஜும் வரும்.

இன்னொன்றும் கவனி. உள்ளே பெட்ரோல் எஞ்சின் வைத்த படகுகளில், நிரப்பி முடித்த பிறகு 4 நிமிடமாவது புளோயரை ஓட்டி, அடியில் வாடை இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பின்னால் மூன்று படகுகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது எவன் நாலு நிமிடம் பொறுப்பான்? ஒரே ஒரு நிறுத்தம்தான் உன் வரைபடத்தில் இருக்கிறது. இரண்டாக்கு, வரிசையில் காத்திருக்கும் படகுகளுக்கு எட்டத்தில் தனியாகக் கட்டுமிடம் கொடு. அறிவிப்புப் பலகை பத்து வைப்பதைவிட இது பலன் தரும்.

கையில் தூக்கும் கேன்களைப் படகுக்குள் வைத்து நிரப்ப விடக் கூடாது; மேடைமேல் இறக்கி வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்ப வேண்டும். நிலைமின்சாரப் பொறி தாவாமலிருக்க அதுதான் வழி. டேங்கை விளிம்புவரை நிரப்பும் ஆசையையும் தடுக்க வேண்டும். 200 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 லிட்டர் பெருகும்; அது காற்றுக்குழாய் வழியாக நேராகத் தண்ணீருக்குத்தான் போகும்.

நீர்விமானத்தைப் படகோடு ஒரே பக்கத்தில் கட்டுவது நடக்காத காரியம். அதற்குப் பிரேக் கிடையாது. எஞ்சின் கிளம்பிய கணமே நகரத் தொடங்கும். முன்னால் சுழலும் விசிறி, இரு பக்கமும் நீளும் இறக்கை. அதற்கென்று மேடையின் ஒரு பக்கத்தைத் தூணும் கூரையும் இல்லாமல் தாழ்வாக விடு. விமானப் பெட்ரோலுக்குத் தனிக் குழாய், தனி முனை. நீர் ஸ்கூட்டர்களுக்கும் தாழ்வான விளிம்பு போதும். நிலத்திலும் நீரிலும் ஓடும் வண்டிகளை மட்டும் மேடைமேல் ஏற்றாதே. அவை கரையிலேயே நிரப்பிக்கொள்ளட்டும்.

அவசர நிறுத்த விசை பம்புக்கு ஒட்டினாற்போல் ஒன்று மட்டும் இருக்கிறது. தீ பிடித்தால் அதை யார் நெருங்குவது? 6 மீட்டருக்குக் குறையாத தொலைவில் ஒன்று, நடைபாலத்தின் கரை முனையில் ஒன்று வை. தப்பிக்க இரண்டாவது வழியும் வேண்டும். நடைபாலத்தின் வாயிலேயே தீ இருந்தால் மறுகோடியில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பாய் என்றால், அதற்கு ஏற்ற தீயணைப்பு நுரை வேண்டும். சாதாரண நுரையை எத்தனால் உடைத்துவிடும்.

சிந்தினால் சுற்றி வளைக்க மிதவைத் தடுப்பு என்று எழுதியிருக்கிறாய். டீசலுக்குச் சரி. பெட்ரோலை வளைத்து ஒரே இடத்தில் நிறுத்தினால் ஆவி முழுவதும் அங்கேயே திரளும். ஆட்களை விலக்கி, பொறி கிளம்பும் எல்லாவற்றையும் அணைத்து, அதை ஆவியாகிப் போக விடுவதுதான் நல்லது. சோப்புத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கு இடமே கொடுக்காதே. கண்ணுக்குப் படலம் மறையும், எண்ணெய் கீழே இறங்கி மீனுக்குப் போகும்.

மிதவையைப் பிடித்து நிறுத்தும் தூண்களின் உயரத்தை வழக்கமான உச்ச நீர்மட்டத்துக்குத்தான் கணக்கிட்டிருக்கிறாய். புயலில் நீர் அதைத் தாண்டினால், மிதவையைத் தூணோடு பிணைக்கும் வளையம் தூணின் தலைக்கு மேல் கழன்று, மிதவை எண்ணெயோடு அலைந்துகொண்டு போகும். அந்த இடத்தில் பதிவான மிக உயர்ந்த வெள்ளத்தைக் கேட்டு வாங்கி, அதற்கும் மேலே நல்ல இடைவெளி விடு.

மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. தளத்தைச் சுற்றி ஒரு சாண் விளிம்பு எழுப்பி, சிந்துவதெல்லாம் ஒரு தொட்டிக்குப் போகும்படி வைத்திருக்கிறாயே, அது என் மனதுக்குப் பிடித்திருக்கிறது. மழைநீரும் அதே தொட்டிக்குத்தான் வரும். அதை அப்படியே வெளியே இறைத்துவிடாமல் எண்ணெயைப் பிரித்தெடுக்க ஓர் ஏற்பாடு சேர்த்துக்கொள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடி ஒரு வாரம் எதையும் பார்க்கவிட மாட்டார்கள். அதற்கு முன்னால் திருத்திய வரைபடத்தை அனுப்பு. பேத்தியின் படத்தையும் அதோடு வை.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்